தந்தி நீளமும் தாழ்சுருதியும்

(கொடைக்கானலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் அதன் ஓசையை எப்படி மாற்றுகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பி படிந்திருக்கும் நட்டிலிருந்து, உடற்பகுதியில் அது ஏறி நிற்கும் பிரிட்ஜ் வரை உள்ள தொலைவைத்தான் தந்தி நீளம் என்கிறேன். கடைகளில் இதற்கு ஸ்கேல் லெங்த் என்று பெயர். இன்று விற்கும் பேஸ்களில் பெரும்பாலானவை 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அடுத்தபடியாகக் கிடைப்பது 30 அங்குலம், 76 சென்டிமீட்டர். வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே ஆம்ப்பில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது எது என்று பழகிய காது சொல்லிவிடும்.

30 அங்குல பேஸ் சின்னப் பிள்ளைகளுக்கானது, தேறிய பிறகு 34க்குப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. குட்டை பேஸ் குறைபட்ட பேஸ் அல்ல. அதன் ஓசை வேறு, அவ்வளவுதான். ஏன் வேறு என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

வரலாற்றைப் பார்த்தால் முதலில் பிறந்தது குட்டைதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1930களில் ஆடியோவாக்ஸ் 736 என்ற மின் பேஸைச் செய்து விற்றார். மடியில் வைத்து வாசிக்கலாம், ஃபிரெட் உண்டு, தந்தி நீளம் 30 அங்குலத்தை ஒட்டியது. அது பரவவில்லை. 1951ல் லியோ ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது 34 அங்குலத்தைத் தேர்ந்தார். சாதாரண மின் கிட்டாருக்கு அவர் வைத்திருந்தது 25.5 அங்குலம். நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸுக்கு 41, 42 அங்குலம் வரும். கைக்கு எட்டவேண்டும், தாழ்ந்த கம்பி தொய்யவும் கூடாது என்ற இரண்டுக்கும் நடுவே நின்ற எண் அது. ஃபெண்டரின் வெற்றி அந்த எண்ணை உலக வழக்காக்கிவிட்டது. கிப்சன் 1953ல் 30.5 அங்குலத்தில் ஒரு பேஸ் செய்தது. ஜெர்மனியின் ஹோஃப்னர் 1956ல் வயலின் வடிவில், உள்ளே கூடாக, 30 அங்குலத்தில் செய்தது. அதில் ஒன்றைத்தான் பால் மெக்கார்ட்னி 1961ல் ஹாம்பர்க்கில் வாங்கினார். பீட்டில்ஸின் தொடக்க காலப் பாடல்களில் கேட்கும் உருண்டையான, மெத்தென்ற கீழ்ச்சுரம் 30 அங்குலத்துப் பேஸின் ஓசை. அதைச் சிறுவர் கருவி என்று யாரும் சொல்லவில்லை.

இனி இயற்பியலுக்கு வருவோம். 1636ல் மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதிவைத்த விதி இன்றும் மாறவில்லை. கம்பியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர்விகிதம். இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். ஓரலகு நீளத்துக்குரிய எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். பேஸின் தடித்த கம்பி ஈ. அதன் அதிர்வெண் நொடிக்கு 41.2. நீளம் எதுவானாலும் இந்தச் சுருதிக்குத்தான் அதைக் கூட்டியாக வேண்டும். அப்படியானால் அதே கம்பியை 34லிருந்து 30க்கு மாற்றும்போது எது குறைகிறது? இழுவிசை. அதுவும் நீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைகிறது. 30ஐ 34ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.78. ஆக 22 சதவீதம் போய்விடுகிறது. 34 அங்குலத்தில் சுமார் 18 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமாக நிற்கும் ஈ கம்பி, 30ல் 14 கிலோவில் நிற்கும்.

துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். தளர்வாகக் கட்டிய கொடி சின்னத் தட்டுக்கே அகலமாக ஆடும். குட்டை பேஸிலும் அதே விரல் வலுவுக்குக் கம்பி கூடுதலாக விலகுகிறது. விட்ட கணத்தில் சுருதி ஒரு பொட்டு உயர்ந்து தொடங்கி உடனே தன் இடத்துக்கு இறங்குகிறது. அழுத்தி வாசித்தால் இது நன்றாகக் கேட்கும். தொடக்கத்தின் கூர்மை மழுங்கி, சுரம் கொஞ்சம் தாமதமாக விரிந்து நிரம்புவதுபோல் ஒரு உணர்வு வரும். குட்டை பேஸின் இனிமை என்று வாசிப்பவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். கம்பி அகலமாக ஆடுவதால் ஃபிரெட்டில் மோதும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் கம்பியை ஒரு இழை உயர்த்திவைப்பது நல்லது.

அப்படியானால் தடித்த கம்பி போட்டு இழுவிசையைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாமே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கொண்டுவரலாம். 34ல், அங்குலத்தின் ஆயிரத்தில் 105 பங்கு தடிமனான ஈ கம்பிக்குப் பதில், 30ல் ஏறத்தாழ 119 போட்டால் இழுவிசை சமமாகிவிடும். ஓசை சமமாகாது. ஏன் என்பதைக் காட்ட இரண்டு பேஸ்கூட வேண்டியதில்லை; கையிலுள்ள இந்த 34 அங்குல பேஸ் ஒன்றே போதும்.

ஒரே சுரத்தை மூன்று இடத்தில் வாசிக்கிறேன். அதிர்வெண் மூன்றிலும் 82.4. முதலில் டி கம்பியில் இரண்டாம் ஃபிரெட். அடுத்து ஏ கம்பியில் ஏழாம் ஃபிரெட். பிறகு ஈ கம்பியில் பன்னிரண்டாம் ஃபிரெட்.

(வாசித்துக் காட்டப்பட்டது.)

டி கம்பியில் அதிர்ந்த நீளம் 30 அங்குலம். ஏ கம்பியில் 22.7. ஈ கம்பியில் 17. இழுவிசை மூன்றிலும் பெரிதாக மாறவில்லை. சுரமும் ஒன்றே. ஆனால் முதலாவது மணிபோல் தெளிந்து நின்றது. இரண்டாவது கனமாக, கொஞ்சம் மூடினாற்போல் இருந்தது. மூன்றாவது 'தொம்' என்று எழுந்து சீக்கிரம் மங்கியது. நீளம் குறையக் குறைய, அதே சுரத்துக்குக் கம்பி தடிக்கவேண்டியிருந்தது. தடித்துக் குறுகிய கம்பி கம்பியாக மட்டும் நடந்துகொள்வதில்லை, கொஞ்சம் இரும்புக் கோலாகவும் நடந்துகொள்கிறது. வளைய மறுக்கும் அந்த விறைப்புதான் இங்கே முக்கியம்.

விறைப்பு ஓசையை என்ன செய்கிறது? இலட்சியக் கம்பியில் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு என்று சரியாக அடுக்கி நிற்கும். விறைப்பு சேர்ந்தால் ஒவ்வொன்றும் தன் இடத்தைவிட்டுச் சற்றே மேலே நகரும். உயர உயர நகர்வு அதிகமாகும். அடுக்கு கலைகிறது, சுரத்தின் குவிமையம் தளர்கிறது. இந்த மலையின் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் உள்ள சிறிய நிமிர்ந்த பியானோவின் கடைசி இடக்கைக் கட்டைகளை அழுத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலங்கல் பழக்கமானது. பெரிய கிராண்ட் பியானோவை அத்தனை நீளமாகச் செய்வதற்கு முதற்காரணமே கீழ்ச்சுரக் கம்பிகள்தாம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அதே கம்பியை 34லிருந்து 30க்கு மாற்றினால் இந்த நகர்வை அளக்கும் எண் 65 சதவீதம் கூடுகிறது. இழுவிசையை மீட்க 119 கம்பி போட்டு, அதன் உள்கம்பியும் அதே விகிதத்தில் தடித்திருந்தால், எண் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கைக்கு இறுக்கம் திரும்பி வருகிறது. காதுக்குத் தெளிவு இன்னும் விலகிப் போகிறது. நீளத்தால் மட்டுமே கிடைப்பது ஒன்று உண்டு, அதைத் தடிமனால் வாங்க முடியாது. ஐந்து கம்பி பேஸில் நொடிக்கு 31 அதிர்வுக்கும் கீழே நிற்கும் பி கம்பிக்காகப் பலர் 35 அங்குலத்துக்குப் போனதும் இதனால்தான். ரால்ஃப் நோவாக் என்ற அமெரிக்கர் 1989ல் காப்புரிமை பெற்ற விசிறி ஃபிரெட் முறை இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு கம்பிக்கும் தனி நீளம். கனடாவின் டிங்வால் அந்த முறையில் தாழ்ந்த கம்பிக்கு 37 அங்குலமும் உயர்ந்த கம்பிக்கு 34ம் கொடுத்துப் பேஸ் செய்கிறது. கீழே நீளம், மேலே குறுக்கம் என்பது யாழின் வடிவத்திலேயே இருந்ததுதான்.

ஆகவே தாழ்ந்த ஈ கம்பி தெளிவாகப் பேசவேண்டும் என்றால் 34க்கு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய ஜி கம்பியைக் கேளுங்கள். 34ல் அது பல நேரம் ஒல்லியாக, கம்பியோசை மேலிட்டு ஒலிக்கும். 30ல் அதே ஜி கனிந்து, பாடும் குரலாக மாறும். நீளம் ஒரு கம்பிக்குக் கொடுப்பதை இன்னொன்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

விரல் படும் இடமும் பிக்கப் இருக்கும் இடமும் அடுத்தது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பிரிட்ஜிலிருந்து ஆறு அங்குலத்தில் ஒரு பிக்கப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 அங்குலத்தில் அது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரத்துக்கு அந்த இடம் கணு. கம்பி அங்கே அந்த மேற்சுரத்துக்காக அசைவதில்லை. பிக்கப்புக்கு அது கேட்பதும் இல்லை. 34ல் அதே ஆறு அங்குலம் ஐந்தில் ஒன்றுக்கும் ஆறில் ஒன்றுக்கும் நடுவில் விழுகிறது, ஐந்தாவது தப்பிவிடுகிறது. கை வைக்கும் பழக்கமும் அப்படித்தான். 34ல் பழகிய கை 30க்கு வந்தும் பிரிட்ஜிலிருந்து அதே தொலைவில் மீட்டினால், அது கம்பியின் நடுவை நோக்கி நகர்ந்துவிட்டதாகவே பொருள். நடுவை நோக்கி நகர்ந்தால் ஓசை உருளும், மேற்சுரம் குறையும். குட்டை பேஸ் மந்தம் என்று குறை சொல்லும் நண்பர்களிடம், வலது கையை இரண்டு விரற்கடை பிரிட்ஜ் பக்கம் தள்ளிப் பாருங்கள் என்பேன். பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

கணுவில் மீட்டினால் அந்த மேற்சுரம் ஒலிக்காது என்ற விதிக்கு நம் கருவிகள் கட்டுப்படுவதில்லை என்று 1921ல் காட்டியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். வீணையிலும் தம்பூராவிலும் பிரிட்ஜ் கூர்மையான விளிம்பல்ல, வளைந்த பரப்பு. கம்பி அதிரும்போது அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அழிந்திருக்கவேண்டிய மேற்சுரங்கள் மறுபடி உயிர்பெறுகின்றன. பேஸ் கிட்டாரின் பிரிட்ஜ் கூர்மையானது, ஆகவே அது விதிக்குக் கட்டுப்பட்டது. ஃபிரெட் இல்லாத பேஸில் மட்டும் கம்பி மரப்பலகையை நெடுக உரசிக்கொண்டு அதிர்வதால், வீணையின் நாதத்துக்கு உறவான ஒரு முனகல் எழுகிறது. நம் கமகத்துக்கு ஃபிரெட் இல்லாத பேஸ் இவ்வளவு இயல்பாக ஒத்துப்போவதற்கு, விரல் வழுக்குவதோடு இதுவும் காரணம் என்று நான் நம்புகிறேன். நீளத்தை ஓசையோடு சேர்த்தே எண்ணுவதும் நமக்குப் புதிதல்ல. ஆண் சுருதித் தம்பூரா நெட்டை, பெண் சுருதித் தம்பூரா குட்டை. குட்டைத் தம்பூராவை யாரும் பயிற்சிக் கருவி என்பதில்லை.

நம் திரையிசைக்கு வருகிறேன். இந்த மலையின் தெற்குச் சரிவில் இறங்கினால் பெரியகுளம், தேனி. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் போனால் பண்ணைப்புரம். அந்த ஊர்க்காரர் 1976ல் 'அன்னக்கிளி'யோடு வந்த பிறகுதான் தமிழ்க் கேட்பவர்களுக்குப் பேஸ் கிட்டார் என்பது தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் துணை என்ற நிலை மாறி, பாட்டுக்குள் ஓடும் இன்னொரு பாட்டு ஆனது. இளையராஜா எழுதிய பேஸ் வரிகளைப் பல்லாண்டுகள் வாசித்தவர் சசிதரன். பிறகு ஏ. ஆர். ரஹ்மானிடம் கீத் பீட்டர்ஸ். இவர்கள் விரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நான்.

அந்தப் பாடல்களை நாம் எதில் கேட்டோம்? டிரான்சிஸ்டர் ரேடியோவில், டீக்கடைப் பெட்டியில், மலைப்பாதை பஸ்ஸின் தகர ஸ்பீக்கரில். 2024ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் வந்தபின் குணா குகைக்கு வரும் கூட்டம், வேலி ஓரத்தில் நின்று 1991ன் அந்தக் 'குணா' பாட்டைக் கைபேசியிலேயே போட்டுக் கேட்கிறது. இந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் எதுவும் 41 அதிர்வைத் தருவதே இல்லை. ஆனாலும் பேஸ் நமக்குக் கேட்கிறது. காரணம், 82, 124, 165 என்று வரும் மேற்சுரங்களைக் கேட்டதும், அவற்றுக்கு அடியில் இருக்கவேண்டிய அடிப்படையைக் காதும் மூளையும் சேர்ந்து தாமே கட்டிக்கொள்கின்றன. சின்னப் பெட்டியில் பேஸ் வாழ்வது மேற்சுரத்தால்தான். ஆகவே நீளமான, தெளிந்த மேற்சுரம் கொண்ட பேஸ் கைபேசியிலும் கேட்கும். அடிப்படை மேலோங்கிய குட்டை பேஸ், பெரிய பெட்டிகள் வைத்த அரங்கில் நெஞ்சை நிறைக்கும், கைபேசியில் ஒளிந்துகொள்ளும். எந்த நீளம் நல்லது என்று என்னைக் கேட்பவர்களிடம், எதில் கேட்கப்போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. அதைச் சொல்லாமல் இங்கே பேசி என்ன பயன்? கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். கீழே வத்தலக்குண்டில் வியர்க்க வியர்க்கச் சுருதி கூட்டிய பேஸ், மாலையில் ஏரிப்பக்கம் மேடையேறும்போது கூர்ந்திருக்கும். குளிரில் எஃகு சுருங்குகிறது. கழுத்து மரம் நீளவாக்கில் அவ்வளவு சுருங்குவதில்லை. கம்பி இறுகிச் சுருதி ஏறுகிறது. புல்லாங்குழலுக்கோ நேர்மாறு. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் அதன் சுருதி இறங்குகிறது. கோடை விழா மேடைகளில் குழலும் கிட்டாரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதற்கு வாசிப்பவர்களைக் குறை சொல்லக்கூடாது.

இதிலும் தந்தி நீளத்துக்குப் பங்குண்டு. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் குட்டை பேஸில் இழுவிசை குறைவு. குளிர் சேர்க்கும் இறுக்கமோ இரண்டிலும் ஒன்றே. குறைந்த இருப்பில் அதே அளவு சேரும்போது விகிதம் பெரிதாகிறது. கழுத்தின் வளைவைக் கணக்கில் எடுக்காவிட்டால், குட்டை பேஸின் சுருதி ஏறத்தாழ 28 சதவீதம் கூடுதலாக நகரும். ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தாலும் இதே கதை; முரட்டுப் பிடி குட்டை பேஸில் உடனே சுருதி தப்பும். ஆகவே மலைமேல் குட்டை பேஸ் வாசிப்பவர்கள், பெட்டியைத் திறந்து அரைமணி நேரமாவது மேடைக் காற்றில் வைத்துவிட்டுச் சுருதி பாருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மறுபடியும் பாருங்கள். மூடுபனி இறங்கும் மாதங்களில் மரம் ஈரம் வாங்கிக் கழுத்தும் அசையும். அதற்குப் பொதுவிதி கிடையாது, கருவிக்குக் கருவி மாறும்.

கடைசியாகக் கை. முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காம் ஃபிரெட் வரை 34 அங்குலத்தில் 13 சென்டிமீட்டர், 30ல் 11.4. பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த ஒன்றரை சென்டிமீட்டர் சுண்டுவிரலில் வலியாக நிற்கும். வலிக்கும் விரல் சுரத்தை முழு நேரமும் பிடித்துவைக்காது, பாதியில் விட்டுவிடும். பேஸின் அழகே சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே அடங்குகிறது என்பதில் இருக்கிறது. 34 அங்குலத்தில் திணறும் பிள்ளையின் ஓசையைவிட, 30ல் நிதானமாக வாசிக்கும் பிள்ளையின் ஓசை எல்லா வகையிலும் மேல். 1901ல் தொடங்கிய, மேற்கத்திய இசையைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி இருக்கும் ஊர் இது. தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் மன்னவனூரிலும் உள்ள பிள்ளைகள் காதாலேயே பேஸ் வரிகளைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் கைக்கு எட்டும் ஒரு பேஸ் ஒவ்வொரு இசை அறையிலும் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓசைக்கு நீளம் மட்டுமே பொறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மெக்கார்ட்னியின் அந்த ஓசையில் கூடான உடலுக்கும், தட்டையான சுற்றுக் கம்பிக்கும் பங்கு உண்டு. 33 அங்குலத்துக்குச் சற்று மேலான ரிக்கன்பேக்கரை அவர் 1960களின் நடுவில் எடுத்தபோது ஓசை கூர்ந்ததென்றால், அதில் பிக்கப்புக்கும் திண்ணென்ற மர உடலுக்கும் பங்கு உண்டு. புதுக் கம்பிக்கும் ஆறு மாதப் பழங்கம்பிக்கும் உள்ள வித்தியாசம் சில நேரம் 34க்கும் 30க்கும் உள்ளதைவிடப் பெரிது. ஆனால் கம்பியை மாற்றலாம், பிக்கப்பை மாற்றலாம். நீளம் வாங்கிய அன்று முடிவாகிவிடுகிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் வரை டேப்பால் அளந்து இரண்டால் பெருக்குங்கள்; அதுதான் தந்தி நீளம். கம்பியை அந்த நீளத்துக்கென்று உறையில் எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள். 34க்கான கம்பியைக் குட்டையில் மாட்டி மிச்சத்தை வெட்டினால், தடித்த சுற்றுப் பகுதியே முடுக்கும் சாவியில் போய் வளையும். சுற்று உள்கம்பியிலிருந்து தளர்ந்து ஓசை செத்துப்போகும். வேறு வழியில்லை என்றால், வெட்டும் இடத்துக்கு முன்பே கம்பியைச் செங்குத்தாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள்.

மேடையில் இரண்டு பேஸ்களும் இருக்கின்றன, இரண்டிலும் ஒரே தடிமன் கம்பி, ஈ 105. ஆம்ப்பில் எந்தக் குமிழையும் திருக வேண்டாம். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து முதலில் வெறும் ஈ கம்பியையும், பிறகு ஜி கம்பியில் ஒன்பதாம் ஃபிரெட்டையும் இரண்டிலும் வாசித்துப் பாருங்கள். மற்றவர்கள் திரும்பி உட்கார்ந்து கேளுங்கள்.